பெரிய கேமராவுக்கு மட்டும் தண்டனை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
செவ்வாய்க்கிழமை, மாலை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய குரு மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் ஜீவிதா வணக்கத்துடன் எழுதுவது. ஓசூரில் நீங்களும் அத்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சௌக்கியம், அப்பா சௌக்கியம், தறி சௌக்கியம், கமல் அண்ணன் தேவைக்கு மேலேயே சௌக்கியம். நானும் சௌக்கியம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். பொய் எழுதுவதற்காக நான் இவ்வளவு நல்ல தாளை எடுக்கவில்லை.

ஃபோனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு ஃபோன். ஒன்று அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது, இன்னொன்று கமல் அண்ணனின் உள்ளங்கையில் முளைத்திருக்கிறது. நான் புகார் சொல்லப்போவது அந்த இரண்டு பேர் மீதும். ஆகவே தபால்தான் நியாயமான வழி. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடுவில் எனக்குக் கோபம் வந்து வரிசை மாறிவிடக்கூடும். நீங்கள் எனக்குக் கொடுத்த பெரிய கேமராவை அப்பா வரும் திங்கட்கிழமை கூரியரில் உங்களுக்கே திருப்பி அனுப்பப்போகிறார். அந்த வாரமே வியாழக்கிழமை வரதராஜப் பெருமாள் கருட சேவை. எங்கள் பள்ளி ஆண்டு மலரின் அட்டைக்கு அந்தப் படத்தை எடுத்துத் தருவதாக ரமாமணி டீச்சரிடம் நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். போன வருஷ மலரில் வந்த கோபுரம் இணையத்திலிருந்து எடுத்தது, அதில் தென்னை மரம் இருந்தது, நம் கோபுரத்துக்குப் பக்கத்தில் அந்த இடத்தில் தென்னை மரமே கிடையாது. “நம்மூர்ப் பெருமாளுக்கு எவனோ எடுத்த படம் எதுக்குடி? நீ எடுத்துண்டு வா, ஜீவிதா” என்று டீச்சர் ஆண்டு இறுதி நாளன்று எல்லோர் முன்னாலும் சொன்னார்கள். பள்ளி திறக்கும் நாளில் நான் வெறுங்கையோடு போய் நின்றால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் மூன்று நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே நீங்கள் திங்கட்கிழமைக்கு முன் அப்பாவிடம் பேசியாக வேண்டும்.

இதில் உங்கள் மீதும் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. பொங்கலுக்கு வந்தபோது இரண்டு கேமராக்களையும் பாயில் வைத்து, “பெருசு படிக்கிற பொண்ணுக்கு, சின்னது ஊர் சுத்துற பையனுக்கு” என்றீர்கள். அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது. உங்கள் பழைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவுக்கும் எனக்கும் ஒரே வயது, பதினைந்து. அதோடு நூற்றுத் தொண்ணூறு பக்கக் கையேடும் வந்தது. அதை நான் இரண்டு முறை படித்துப் பென்சிலால் கோடும் போட்டிருக்கிறேன். கமல் அண்ணனுடைய கேமராவோடு வந்தது எட்டாக மடித்த ஒரே ஒரு தாள். அதையும் அவன் படிக்கவில்லை, வடை வைத்துச் சாப்பிட்டான். அந்தக் கேமரா சோப்புப் பெட்டியைவிடச் சின்னது. அப்பா பட்டு நூல் நிறுக்கும் தராசில் இரண்டையும் வைத்துப் பார்த்தோம். என்னுடையது லென்ஸோடு ஒரு கிலோவுக்கு மேல். அவனுடையது அரை மார்க், அதாவது நூற்றிருபது கிராம், ஜரிகை எடைகூட இல்லை. “உன் கேமரா எடைக்கு ரெண்டு சேலை நெய்யலாம்டி” என்று கமல் அண்ணன் சிரித்தான். எடை உள்ளதற்குத்தான் மதிப்பு என்று பட்டுச் சேலை விற்கும் வீட்டில் பிறந்தவனுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

அவனுடைய கேமராவின் புத்திக்கு ஒரு சான்று தருகிறேன். அதில் சிரித்தால் தானாகவே படம் எடுத்துக்கொள்ளும் ஒரு வசதி இருக்கிறது. வாட்ஸாப்பில் எங்களிடம் சேலை வாங்குகிறவர்களின் குழுவுக்கு முகப்புப் படம் வைப்பதற்காக, அப்பா தறியில் உட்கார்ந்திருக்கும்போது அண்ணன் அந்த வசதியைப் போட்டு எதிரில் வைத்தான். சேலையின் உடலோடு கரையைச் சேர்த்து நெய்துகொண்டிருக்கும் மனிதர் எங்கே சிரிப்பார், மாமா? அது கால் மணி நேரம் அப்பாவின் முகத்தைச் சுற்றி மஞ்சள் கட்டம் போட்டுக்கொண்டு காத்திருந்தது. அந்த நேரம் பார்த்து தெருமுனையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் கிறிஸ்டோபர் அண்ணன் எதற்கோ வந்து வாசலில் நின்று, “இன்னாப்பா, பழனி அண்ணனுக்குக் கண்ணாலமா?” என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். கேமரா அவரை எடுத்துவிட்டது. படத்தில் தறி இருக்கிறது, அப்பாவின் தோள் பாதி இருக்கிறது, நடுவில் கிறிஸ்டோபர் அண்ணன் பல்லெல்லாம் தெரிய நிற்கிறார். கமல் அண்ணன் பார்க்காமலே அதை முகப்பில் வைத்தான். இரண்டு நாள் கழித்து மதுரையிலிருந்து ஒருவர், நெசவாளர் முகத்திலேயே லட்சணம் தெரிகிறது என்று எழுதியிருந்தார். என் கேமரா அப்படியெல்லாம் சொந்தமாக முடிவெடுக்காது. நான் அழுத்தினால் எடுக்கும். எடுத்தேன் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு சத்தமும் போடும். ஒளிவு மறைவு கிடையாது.

ஆனால் ஒளிவு மறைவு இல்லாதவர்களுக்குத்தான் இந்த ஊரில் கஷ்டம். மாசி மாதம் நானும் அண்ணனும் ஒரு கோயிலுக்குப் போனோம். பெயர் சொல்லமாட்டேன், இந்த ஊரில் பெயர் சொல்லாவிட்டால் எது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வாசலில் இருந்தவர் என்னைப் பார்த்ததுமே கையை நீட்டித் தடுத்தார்.

“யம்மா, நில்லு. கழுத்துல இன்னாது?”

“கேமராங்க.”

“தெரியுது. சீட்டு வாங்கினியா? ஷூட்டிங் எடுக்க வந்துக்கினு சொல்லாம கொள்ளாம போறியே.”

“ஸ்கூல் மலருக்குங்க. அதோ போறாரே எங்க அண்ணன், அவர்கிட்டயும் கேமரா இருக்குது.”

உண்மையை மறைக்கக்கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னேன், வேறு எந்த எண்ணமும் இல்லை. அவர் கமல் அண்ணனைக் கூப்பிட்டார். அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். அவர் அதை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிப் பார்த்து, “இதுவா? போப்பா, போய் நல்லா சாமி கும்பிடு” என்று கொடுத்துவிட்டார். நான் வெளியே செருப்புகளோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவன் ஐம்பத்திரண்டு படம் எடுத்தான். ஐம்பத்திரண்டிலும் அவனே இருக்கிறான். சாமியைக் காணவில்லை.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது போன வாரம் நடந்தது. அப்பா பதினெட்டு நாள் நெய்த மயில் கழுத்து நிறச் சேலை ஒன்று தறியிலிருந்து இறங்கியது. நீளவாட்டில் ஓடும் பாவு நீலம், குறுக்கே ஓடும் ஊடை பச்சை. ஒரு பக்கம் நின்று பார்த்தால் பச்சை, மறுபக்கம் நின்று பார்த்தால் நீலம், நடந்துகொண்டே பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம், அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. உங்களுக்குத் தெரியும், எங்கள் தெருவில் தவழ்கிற குழந்தைக்கும் தெரியும். சேலையைக் கொடியில் விரித்துப் போட்டோம். நான் ஜன்னல் பக்கம் ஸ்டூல் போட்டு அதன்மேல் கேமராவை வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல், கையேட்டின் எண்பத்து நான்காம் பக்கத்தில் சொல்லியபடி வெளிச்சத்தை அளந்து, அரை மணி நேரம் எடுத்து ஒரே ஒரு படம் எடுத்தேன். பச்சை, மாமா. பார்த்தால் கண் குளிரும். நான் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கமல் அண்ணன் சமையலறைக் கதவில் சாய்ந்தபடி, ஒரு கையில் முறுக்கும் ஒரு கையில் கேமராவுமாக ஒரு படம் எடுத்தான். அவன் நின்ற பக்கத்திலிருந்து நீலம். அவன் கேமராவிலிருந்து படம் கம்பி இல்லாமலே ஃபோனுக்குப் போய்விடுமாம். காலை பத்து மணிக்குக் குழுவில் நீலம் வந்துவிட்டது. என் கேமராவின் கார்டு பிஸ்கட் மாதிரி தடிமன், அதைச் செருக இந்தப் பேட்டையிலேயே ஒரே ஓர் இடம்தான் உண்டு. கார்டோடு கிறிஸ்டோபர் அண்ணன் கடைக்குப் போனேன். அவர் சாப்பிடப் போயிருந்தார். வந்தார், கரண்ட் போயிற்று. கரண்ட் வந்தது, கார்டைச் செருகும் பெட்டியை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். மாலை ஆறு மணிக்குத்தான் பச்சை குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது.

திருச்சியில் துர்கா அம்மா என்று ஒருவர் இருக்கிறார், ஆறேழு வருஷமாக அப்பாவிடம்தான் எடுப்பார். காலையில் நீலத்தின் கீழே, “எனக்கு எடுத்து வைங்க” என்று எழுதினார். மாலையில் பச்சையின் கீழேயும், “எனக்கு எடுத்து வைங்க” என்று எழுதினார். அப்பா இரண்டையும் படித்துவிட்டு, “எவ்ளோ ஆசை பாரு அந்தம்மாவுக்கு. வேற யார்னா தூக்கினு போயிடுவாங்கன்னு ரெண்டு தபா சொல்லுது” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா, “பாவம்” என்றார். எனக்கும் அது பாவமாகத்தான் பட்டது. இருப்பது ஒரே சேலை என்று எங்கள் நாலு பேருக்கும் தெரியும், அது துர்கா அம்மாவுக்குத் தெரியாது என்பது எங்கள் நாலு பேருக்கும் தோன்றவே இல்லை. இதை நான் நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை துர்கா அம்மா தன் இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு காரில் வந்து இறங்கினார். அவருடைய அண்ணன் மகனுக்கு இந்த மாதக் கடைசியில் கல்யாணமாம். அப்பா சேலையைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார். துர்கா அம்மா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு தாம்பாளத்தைப் பார்த்தார்.

“இன்னொண்ணு?”

“எந்த இன்னொண்ணுமா?” என்றார் அப்பா.

“இது நீலம், சின்னவளுக்கு. பெரியவளுக்குப் பச்சை சொல்லியிருந்தேனே.”

“பச்சை நான் நெய்யவே இல்லியேமா.”

துர்கா அம்மா ஃபோனை எடுத்து என் படத்தைக் காட்டினார். “இது உங்க வீட்டு ஜன்னல்தானே?”

“எங்க வூட்டு ஜன்னல்தான்.”

“அப்ப பச்சை எங்கங்க? வேற யாருக்காவது குடுத்திட்டீங்கன்னா சொல்லிடுங்க. பரவாயில்ல.”

வாய்தான் பரவாயில்லை என்றது, முகம் அப்படிச் சொல்லவில்லை. அப்பாவின் காது நுனி சிவந்துவிட்டது. ஒருவருக்குக் காட்டிய சேலையை இன்னொருவருக்குக் கொடுத்தார் என்று அவரை யாரும் இதுவரை சொன்னதில்லை. அம்மா, “மோர் குடிங்க, வெயில்ல வந்தீங்க” என்று அந்த இடத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் சொன்னார். பெரிய பெண், “நான் அப்பவே சொன்னேன்மா, ஆன்லைன்ல வாங்கலாம்னு” என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தை என்னால் இப்போதும் எழுத முடியவில்லை. சேலையைத் தாம்பாளத்திலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஜன்னலில் விரித்துப் பிடித்தேன்.

“இங்க வந்து நின்னு பாருங்க” என்றேன்.

வந்து நின்றார்கள். பச்சை. சமையலறைக் கதவுப் பக்கம் போகச் சொன்னேன். நீலம். துர்கா அம்மா திரும்பவும் ஜன்னலுக்கு வந்தார், திரும்பவும் கதவுக்குப் போனார். கோயிலில் பிரகாரம் சுற்றுவது போல அந்தச் சேலையை மூன்று சுற்று சுற்றினார். பிறகு தரையில் உட்கார்ந்து மோரைக் கேட்டு வாங்கிக் குடித்தார். “மன்னிச்சிடுங்க அண்ணே” என்றார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் இப்போது இரண்டு பெண்களுக்கும் அந்த ஒரே சேலைதான் வேண்டும் என்று ஆகிவிட்டது. “நீலம் என்னுதுன்னா இது என்னுதுதான்.” “பச்சையும் இதுலதானே இருக்கு? அப்ப என்னுது.” கார் கிளம்பித் தெரு திரும்பும்வரை அந்தச் சத்தம் கேட்டது. கிளம்பும்போது துர்கா அம்மா, “கோவிச்சுக்காதீங்க, போட்டோ எடுத்தது யாரு? ஒரு வார்த்தை கூடவே எழுதியிருக்கக் கூடாதா?” என்று கேட்டார்.

எல்லோரும் என் கழுத்தைப் பார்த்தார்கள். ஒரு கிலோ கேமரா தொங்கும் கழுத்தை எப்படி மறைப்பது, மாமா? கமல் அண்ணன் பிறந்ததிலிருந்து முதன்முறையாக மோர் டம்ளர்களைத் தானாகவே எடுத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தான். அவன் கேமரா அவன் சட்டைப் பையில் இருந்தது. வெளியே ஒரு புடைப்புக்கூடத் தெரியவில்லை.

கார் போனதும் அப்பா தீர்ப்புச் சொன்னார். “இனிமே இந்த வூட்ல கேமராவே வேணாம். வாங்கறவங்க நேர்ல வந்து பாத்துக்கட்டும். திங்கக்கெழமை நெசவு சொசைட்டிக்குப் போறப்ப மச்சானுக்கே கூரியர் போட்டுர்றேன்.”

“அண்ணன் கேமரா?” என்று கேட்டேன்.

“அதுவா? அது இன்னா பண்ணுச்சு, பாவம். அது பாட்டுக்கு ஒரு ஓரமா கெடக்குது.”

இதுதான் என் வழக்கு. இரண்டு கேமராவும் எடுத்தது ஒரே சேலை. இரண்டும் எடுத்தது உண்மை. கமல் அண்ணனின் படம் பொய் என்று நான் சொல்லவில்லை, சொல்ல ஆசைதான். முதலில் குழுவில் போட்டவன் அவன். என் படம் மட்டும் போயிருந்தால் துர்கா அம்மா ஒரே ஒரு பச்சைச் சேலையை நிம்மதியாக வாங்கிக்கொண்டு போயிருப்பார், திருச்சிக்குப் போய் அது நீலமாகியிருக்கும் என்பது வேறு விஷயம். ஆனால் தண்டனை பெரிய கேமராவுக்கு மட்டும். கோயில் வாசலிலும் அதுதான், எங்கள் வீட்டு வாசலிலும் அதுதான். கண்ணில் படுவதுதான் குற்றமென்றால், சின்னதாக இருப்பதுதான் யோக்கியதையா? அந்தச் சின்னக் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு துவாரம்கூடக் கிடையாது, வெயிலில் அதன் திரையில் தெரிவது பிடித்திருப்பவரின் மூக்கு மட்டும்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு கருட சேவைக் கூட்டத்தில் நின்றால் பெருமாள் வந்து போனதே தெரியாது. கமல் அண்ணன் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன். கொடுக்கவும் இல்லை.

ஆகவே நீங்கள் அப்பாவிடம் பேசும்போது நலமா என்று ஆரம்பிக்க வேண்டாம், அவர் பதில் சொல்லி முடிக்க நேரமாகும். கேமராவைத் திருப்பி அனுப்பினால் வாங்கிக்கொள்ளமாட்டேன், அது ஜீவிதாவுடையது, அவளிடமே இருக்கட்டும் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். மச்சான் சொல்லை அப்பா தட்டியதில்லை என்று அம்மா சொல்கிறார். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். அவர்களுடைய முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் ஆசியை வேண்டுகிறேன், அதைவிட அவசரமாக உங்கள் ஃபோன் அழைப்பை வேண்டுகிறேன்.

நியாயத்தை எதிர்பார்க்கும்,
உங்கள் மருமகள்,
ப. ஜீவிதா.

பின்குறிப்பு (புதன்கிழமை காலை): உறையை ஒட்டுவதற்கு முன் இதை அவசரமாகச் சேர்க்கிறேன். இன்று காலை அப்பா, “அனுப்பறதுக்கு முன்ன ஓடுதான்னு பாத்துடணும். அப்புறம் ஒடைச்சி அனுப்பிட்டேன்னு மச்சான் சொல்லக்கூடாது” என்று பெரிய கேமராவைக் கையில் எடுத்தார். துவாரத்தில் கண்ணை வைத்துத் தறியைப் பார்த்தார். அழுத்தினார். அது சத்தம் போட்டது. “தறியில நாடா போய் விழற சத்தம் மாரியே இருக்குது பாரு” என்றார். மறுபடி அழுத்தினார். இதுவரை அறுபத்து மூன்று முறை அழுத்திவிட்டார். பாவு, ஊடை, அம்மா, இட்லி எல்லாம் எடுத்தாயிற்று. கழுத்தில் மாட்டிக்கொண்டே தறியில் உட்கார்ந்திருக்கிறார். என் கையேட்டை வாங்கி, நான் கோடு போட்ட இடங்களை விட்டுவிட்டு வேறு இடங்களில் கோடு போடுகிறார். கூரியர் என்றேன். “யாருக்கு?” என்றார். கருட சேவை என்றேன். “நான் போறேன்டி, நீ கூட்டத்துல நசுங்கிடுவ. டீச்சருக்குப் படம்தானே வேணும்?” என்றார்.

ஆகவே மாமா, மேலே எழுதிய எதையும் தயவுசெய்து படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேமரா இல்லாமல் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றும், கூரியரை நம்பவில்லை என்றும், ஞாயிற்றுக்கிழமை நீங்களே நேரில் வந்து எடுத்துக்கொள்வதாகவும் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மச்சான் கேட்டால் கழற்றிக் கொடுத்துவிடுவார். வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தால் போதும், ஓசூர் பஸ் நிற்கிற இடத்தில் நான் இருப்பேன். அம்மாவுடைய காய்கறிப் பையை எடுத்துவருகிறேன். கேமராவுக்கு மேலே போட முருங்கைக்கீரையும் வாங்கி வைத்துவிடுவேன்.